காற்றில் விழுந்த அடி

பசறை டவுனில் ஜெஸீம் நானாவின் வீடியோ கடை மாடியில் உட்கார்ந்து, பதினாலு வருஷமாகக் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பவள் ஜெயந்தினி. சண்டையை மறைப்பதில் மகா கெட்டிக்காரி. பந்தியில் சாம்பாருக்காக மாமனும் மச்சானும் சட்டையைப் பிடித்துக்கொண்ட கல்யாணங்கள் எத்தனையோ! அவள் கையிலிருந்து வெளியே வரும்போது அந்த இடத்தில் நாதஸ்வரமும் இரண்டு ரோஜாப்பூவும்தான் இருக்கும். ஆனால் கடைசியில் ஓடுகிற எழுத்து 'ஜெஸீம் வீடியோ' என்றுதான். அவள் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அப்பேர்ப்பட்டவளிடம் போய்ச் சண்டையை உண்டாக்கித் தா என்றால் எப்படி இருக்கும்?

பதுளையில் குறும்படப் போட்டி என்று கேள்விப்பட்டதும் நானா ஒரு கதை கட்டிவிட்டார். இரண்டாயிரத்து இருநூறாம் ஆண்டிலிருந்து ஓர் இரும்பு மனிதன் தேயிலை மலைக்குள் வந்து இறங்குகிறான். பூமியைக் காக்கிற வீரன் அவனை மறிக்கிறான். அப்புறம் அடிதடி. படம் எடுக்கத் தோட்டம் வேண்டும், தோட்டத்துக்குத் தலைவர் தயவு வேண்டும். வில்லங்கமே அங்கேதான். தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஒரு தொழிற்சங்கம், அதற்குக் கணபதி தலைவர். கீழ் டிவிசனுக்கு வேறு சங்கம், அதற்குக் கிருஷ்ணராஜ் தலைவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருவரைக் கூப்பிட்டு மற்றவரை விட்டால் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியுமா? நானா யோசித்து, கணபதியை வீரனாக்கினார். கிருஷ்ணராஜுக்கு வெள்ளித்தாள் ஒட்டிய அட்டையைக் கட்டி இரும்பு மனிதனாக்கினார்.

இருவரும் சம்மதித்தார்கள். இருவருக்கும் ஒரே நிபந்தனை: "அந்தாளு நிக்கிற எடத்துல நான் நிக்க மாட்டேன்."

ஆகவே கணபதி திங்கட்கிழமை நாலாம் நம்பர் மலையில் தனியாக நின்று காற்றை அடித்தார். கிருஷ்ணராஜ் புதன்கிழமை கீழே தனியாக நின்று காற்றிடம் அடி வாங்கினார்.

எடுத்ததைப் போட்டுப் பார்த்த ஜெயந்தினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நானா, இது சண்டையா? ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து ஓடுறாங்க. பதுள பஸ்ஸ விட்டுட்ட மாதிரி இருக்கு. அது போகட்டும், இந்தக் கீழ் டிவிசன் தலைவரு ஏன் ஒவ்வொரு அடிக்கும் கேமராவப் பாத்துப் பல்லக் காட்டுறாரு?"

நானா காதைச் சொறிந்தார். "பழக்கதோஷம் புள்ள. மணவறையில சொல்ற மாதிரி, 'கொஞ்சம் சிரிங்க'ன்னு வாயில வந்துருச்சு."

"திரும்ப எடுங்க."

"தலைவர்மார் ரெண்டாந்தரம் வருவாங்களா? ஞாயித்துக்கெழம தோட்டத்துக் கூட்ட ஹோல்ல போட்டுக் காட்டுறதா வாக்கு வேற குடுத்துட்டேன். சனங்க இந்தச் சண்டையப் பாத்துச் சிரிச்சாங்கன்னா படத்தப் போட்டிக்கு அனுப்ப மாட்டேன். நம்பினாங்கன்னா, படத்தொகுப்புன்னு போட்டு ஒன் பேரோட அனுப்புவேன்."

பெயர்! அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முதல் வேலையாகக் கிருஷ்ணராஜின் காட்சிகளையெல்லாம் இடவலம் மாற்றிப் போட்டாள். இப்போது இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். கிருஷ்ணராஜின் தலை வகிடு வலப்பக்கம் போய்விட்டது. போனால் போகட்டும், இருநூறு வருஷம் கழித்து எந்தப் பக்கம் வகிடு எடுப்பார்களோ, யார் கண்டது! அடுத்து, கணபதியின் கை. மனுஷன் குத்துகிற வேகத்தில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்துவிடலாம். கை கிளம்புகிற இடத்தையும் வந்து சேருகிற இடத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததைத் தூக்கி எறிந்தாள். வந்து சேர்வதற்கும் ஓர் இமைப்பொழுது முன்னாலேயே வெட்டி, கிருஷ்ணராஜின் முகம் திரும்புகிற காட்சியை ஒட்டினாள். கை பட்டதை யாரும் பார்க்கப் போவதில்லை. பார்த்ததாக அவரவரே நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனாலும் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தால் இரண்டு பேர் கொசு விரட்டுகிற மாதிரிதான் இருந்தது. சத்தம் பதிய ஃபோனை எடுத்துக்கொண்டு கீழே புஹாரி நானாவின் ஹோட்டலுக்கு ஓடினாள்.

"நானா, கொத்து ரொட்டித் தகட்ட நல்லா வேகமாத் தட்டுங்க."

"முட்டக் கொத்தா, கோழிக் கொத்தா?"

"ஒண்ணுமே போடாம, சும்மா தட்டுங்க."

புஹாரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தட்டினார். இரும்பு உடம்புக்குச் சத்தம் கிடைத்தது. ரொட்டி மாவைத் தூக்கி மேசையில் 'சப்'பென்று அறையச் சொன்னாள். கன்னத்துக்கு அது. தோட்டத்துத் தொழிற்சாலையான ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெஷினின் உறுமலை வானத்திலிருந்து இறங்குகிற கப்பலுக்கு வைத்தாள். அடி விழுவதற்குச் சற்று முன்னால் காற்று, குருவி எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினாள். அமைதி. அப்புறம் மாவு. ஓட்டிப் பார்த்தவள் நாற்காலியில் தானே பதறிப்போனாள். "அட நாசமாப் போக!" என்று கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டுச் சிரித்தாள்.

மிச்சம் அந்தப் பல். எங்கே வெட்டினாலும் வந்து நின்றது. சரி வாடா என்று, பெரிய அடி விழுந்ததற்கு அப்புறம் அதைக் கொண்டுபோய் ஒட்டினாள். அடி வாங்கியவன் மெல்லத் திரும்பிப் பல்லைக் காட்டுகிறான். அம்மாடி! மணவறைச் சிரிப்புதான், ஆனால் முதுகு சில்லிட்டது.

ஞாயிறு மத்தியானம் ஹோலின் ஜன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினார்கள். தலைவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஜெயந்தினி ஓடுவதற்கு வசதியாக வாசலோரம் நின்றாள்.

சண்டை தொடங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு உயிர் போய்விட்டது. கணபதியின் கை கிளம்பியது. அமைதி. சப்!

"ஆ!" என்றது ஹோல் முழுவதும். இரும்பு மனிதன் மெல்லப் பல்லைக் காட்டினான். பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. கிருஷ்ணராஜின் மனைவி பாக்கியம் எழுந்து நின்றுவிட்டாள்.

"யோவ் கணபதி! எங்க வீட்டுக்காரர அப்படி அடிக்க ஒனக்கு எப்புடிய்யா கை வந்துச்சு?"

"ஐயோ, நான் அந்தப் பக்கமே போகலம்மா!"

"கண்ணால பாத்தோம், இல்லைங்கிறியே!"

"ஆமா, நானும் பாத்தேன்," என்றார் கொழுந்து நிறுக்கிறவர். "அன்னைக்கு மலையில நின்னே பாத்தேன்."

பாக்கியம் புருஷனிடம் திரும்பினாள். "வாயத் தொறந்து சொல்லுங்க, அடிச்சானா இல்லையா?"

கிருஷ்ணராஜ் விழித்தார். தனியாக நின்று காற்றிடம் அடி வாங்கினேன் என்று சபையில் சொல்ல முடியுமா? கன்னத்தைத் தடவினார். "அடிச்சான். ஆனா நான் சிரிச்சுக்கிட்டுத்தான நின்னேன்?"

கீழ் டிவிசன் விசிலடித்தது. உடனே மேல் டிவிசனும், "எங்க தலைவரு அடின்னா சும்மாவா!" என்று கை தட்டியது. கணபதி வாயைத் திறந்தார், தன் ஆட்களைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு ஹோலைக் கடந்து கிருஷ்ணராஜிடம் போனார்.

"ஏதோ ஒரு வேகத்துல கை நீண்டுருச்சுப்பா. மனசுல வச்சுக்காத."

"பரவாயில்லண்ணே."

"உண்மையச் சொல்லிருவோமா புள்ள?" என்று நானா ஜெயந்தினியின் காதில் கிசுகிசுத்தார்.

"வாய மூடுங்க நானா," என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம்தான்.

திரையில், அவளே ஒரு நம்பிக்கையில் முன்கூட்டி ஒட்டி வைத்திருந்த 'படத்தொகுப்பு: ஜெயந்தினி' வந்து போனது. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. ஹோலே கிருஷ்ணராஜின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கணபதியும் குனிந்து பார்த்தார்.

"லேசா வீங்கித்தான்யா இருக்கு," என்றார் வருத்தத்தோடு.