லூடோ அறையில் மூன்றாவது ஆள்

என் கணவர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அங்கிருந்து வழக்கமான செயலிகளில் எழுதலாம், படம் அனுப்பலாம். கூப்பிட்டால் மட்டும் லைன் போகாது. அந்த ஊர்ச் சட்டம் அப்படி. எழுதிக் குடும்பம் நடத்த எனக்குப் பொறுமை இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இப்படியே போனா நான் உங்க குரலையே மறந்துருவேன்" என்று எழுதினேன்.

அவரோடு அறையில் தங்கியிருந்த காயல்பட்டினத்துக்காரர்தான் வழி சொன்னார். லூடோ விளையாட்டு ஒன்று இருக்கிறது, அதில் விளையாடிக்கொண்டே பேசலாம், எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள் என்றாராம். இவர் லிங்க் அனுப்பினார். நான் இறக்கினேன். அது வரிசையாக என்னென்னவோ கேட்டது. மைக் வேண்டும், தொடர்பு எண்கள் வேண்டும், புகைப்படங்கள் வேண்டும், இருக்கும் இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்தினேன். வினாத்தாளை இரண்டு தடவை படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் கத்துகிற டீச்சர் நான். அந்த நாலு வரியைப் படிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் எங்கள் ஆட்டம் தொடங்கும். அது ஒரு தினுசான பேச்சு. குறித்த நேரத்துக்குள் பகடையை உருட்டாவிட்டால் ஆட்டம் கலைந்துவிடும். அவர் ஏதாவது உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போது என் காய் போய் அவர் காயை வெட்டிவிடும். "ஏளா, ஒரு மனுசன் ஆசையா பேசும்போது வெட்டுதியே, ஒனக்கு மனசே கிடையாதா?" என்பார். வெட்டாமல் விட்டால், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று பதறுவார். நான் வேண்டுமென்றே வெட்டுவேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெபம். நாங்கள் நாசரேத் பக்கத்துக் குடும்பம். சாயங்காலக் குடும்ப ஜெபத்தை விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார எங்கள் இருவருக்குமே வராது. அதனால் நாலு நிறக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே, பகடை ஒரு மூலையில் துள்ளிக்கொண்டிருக்க, ஒருநாள் அவர், ஒருநாள் நான் என்று ஜெபம் பண்ணுவோம்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் தொண்டையில் ஒரு கட்டி தெரிந்தது. அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். நாங்கள் முதலில் முடிவு செய்தது ஒன்றுதான். மகளுக்குச் சொல்லக் கூடாது. அவள் சென்னையில் விடுதியில் இருந்து கல்லூரியில் கடைசி வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். போன வருடம் எனக்கு டெங்கு என்று கேள்விப்பட்டு, பரீட்சையை விட்டுவிட்டு ரயிலேறி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்ட பிள்ளை. அந்தப் பாடத்தையும் சேர்த்து இந்தத் தடவை எழுதியாக வேண்டும். அப்பாவுக்குக் கட்டி என்று தெரிந்தால் பேனாவை மூடிவிட்டு வந்துவிடுவாள். எல்லாப் பரீட்சையும் முடியட்டும் என்று இருந்தோம்.

பேச்சில் நாங்கள் அவ்வளவு கவனம். "அது எப்படி இருக்கு?" என்பேன். "அது அங்கனதான் இருக்கு" என்பார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வராது. ஆனால் ஜெபத்தில் அப்படி மூடி மறைக்க முடியுமா? ஆண்டவரிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லியே பழகிவிட்டோம். வலது பக்கம், நெல்லிக்காய் அளவு, இன்ன ஆஸ்பத்திரி, இன்ன டாக்டர், வியாழக்கிழமை முடிவு, பிள்ளைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று, அவருக்கு முகவரி தெரியாததுபோல ஒன்று விடாமல் சொல்லிவிடுவோம்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துக்கு சைபர் குற்றப் பிரிவிலிருந்து ஒரு போலீஸ் அம்மா பேச வந்தார். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள நான் கடைசி வரிசையில் நின்றேன். "கேம் இறக்கும்போது அது என்ன கேக்குதுன்னு பாருங்க. வீட்டுக்கு விளையாட வந்தவ பீரோ சாவியக் கேட்டா எடுத்துக் குடுப்பீங்களா?" என்று அவர் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எத்தனை 'அனுமதி' அழுத்தினேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன். எங்கள் லூடோவில் மேலே ஒரு கண் படம் உண்டு. அதன் பக்கத்தில் கொஞ்ச நாளாக 'ஒன்று' என்று வந்துகொண்டிருந்தது. அது என்னைத்தான் கணக்கில் காட்டுகிறது என்று இவர் சொல்லியிருந்தார், நானும் நம்பிவிட்டேன். அதைச் சொல்லிக் கேட்டேன்.

"உங்களக் காட்டல டீச்சர். ஆடாம சும்மா இருந்து பாக்குத ஆளக் காட்டுது. நீங்க ஆடுத அறையப் பூட்டல, யாரு வேணும்னாலும் உள்ள வரலாம். அவங்களுக்கு நீங்க பேசுததும் கேக்கும்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். அந்தக் கண்ணத் தொட்டுப் பாருங்க, யாருன்னு காட்டும். ஒங்க போன்ல உள்ள நம்பரெல்லாம் வேற அதுக்குக் குடுத்திருக்கீங்க, பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். எவனோ ஒருவன் எங்கள் ஜெபத்தைக் கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரி பெயர் தெரியும், நோய் தெரியும். 'உன் அப்பா ஆபத்தில் இருக்கிறார், உடனே பணம் அனுப்பு' என்று அவன் என் மகளைக் கூப்பிட்டால் போதும். நாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு திருடன் வாயிலிருந்து அவள் கேட்பாள். அவளுக்கு இன்னும் இரண்டு பரீட்சை பாக்கி இருந்தது. அனுமதி கொடுத்த என் விரலை வெட்டலாம்போல இருந்தது.

அன்று சாயங்காலம் இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் உளறிவிடுவார். வழக்கம்போல ஆடத் தொடங்கினோம். மூன்றாவது உருட்டலில் கண்ணுக்குப் பக்கத்தில் 'ஒன்று' வந்தது. தொட்டேன். எழுத்தும் எண்ணும் கலந்து புரியாத ஒரு பெயர். பக்கத்தில் குட்டியாக ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தட்டு நிறைய மக்ரூன். ஒன்றுக்குக்கூட உச்சி இல்லை.

முட்டை வெள்ளையும் முந்திரியும் அடித்துச் செய்கிற எங்கள் ஊர் மக்ரூனுக்குச் சின்னதாகக் கூர் உச்சி இருக்கும். அதை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு அடிப்பாகத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற பிறவி இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அதை நான்தான் பெற்றேன்.

பெயருக்குக் கீழே 'வெளியேற்று' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இன்றைய ஜெபம் அவளுக்குக் கேட்காது. ஆனால் இத்தனை நாளும் கேட்டிருக்கிறாளே. நாங்கள் அவளுக்குத் தெரியக் கூடாது என்று இருக்க, தனக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவள் இருந்திருக்கிறாள். விடுதிக் கட்டிலில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு, காலையில் போய்ப் பரீட்சையும் எழுதியிருக்கிறாள். என்னால் அந்தப் பொத்தானை அழுத்த முடியவில்லை.

அன்றைக்கு ஜெபம் அவர் முறை. "இன்னைக்கு நான் பண்ணுதேன்" என்றேன்.

"ஆண்டவரே, வியாழக்கிழமை வாரது நல்லதா வரட்டும். எங்க பிள்ளை தனியா பயந்துக்கிட்டு இருக்கா. அவமேல எனக்குக் கோவம் இல்லன்னு அவகிட்ட சொல்லும். நாங்க மறைச்சது தப்புதான். அவ இனிமே ஒளிஞ்சு கேக்க வேண்டாம். ஆனா மிச்சமுள்ள ரெண்டு பரீட்சையையும் அவ எழுதியே ஆகணும், அதையும் சொல்லிரும்."

"ஏளா, நீ ஜெபத்துல யாருகிட்ட பேசுத?" என்றார் இவர்.

திரையின் ஓரத்தில் இன்னொரு மைக் பச்சையானது. முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா" என்றாள்.

இவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. பகடையை யாரும் உருட்டாமல் ஆட்டம் கலைந்துபோனது. நான் புது ஆட்டம் ஒன்று தொடங்கி இரண்டு பேரையும் மறுபடி உள்ளே இழுத்தேன். விஷயம் மெல்ல மெல்ல வந்தது. விடுதித் தோழிகளோடு ஆட அவளும் அதே விளையாட்டை இறக்கியிருக்கிறாள். உன் அம்மா இப்போது ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று அது அவளுக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறது. நான் தாரைவார்த்த எண்கள் செய்த வேலை. கூப்பிடலாம் என்று உள்ளே வந்தவளுக்கு, குக்கர் சத்தமும் நாங்கள் சண்டை போடுவதும் கேட்டதும் வீட்டுக்குள் இருப்பதுபோல இருந்ததாம். அப்படியே சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாலாவது நாள் ஜெபத்தில் கட்டிப் பேச்சு வந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றுமில்லை, மாத்திரையில் கரைந்துவிடும் என்றார் டாக்டர். அதை இவர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொன்னார். விளையாட்டுக்குக் கொடுத்த அனுமதிகளில் மைக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கிவிட்டேன். அறைக்குப் பூட்டும் போட்டாயிற்று.

பரீட்சை முடிந்து அவள் ஊருக்கு வந்தாள். கால் கிலோ மக்ரூனைத் தட்டில் கொட்டி முன்னால் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஏளா, இருந்த இடம் தெரியாம அத்தன நாளு எப்படிளா வாயத் திறக்காம இருந்த?"

அவள் ஒரு உச்சியைக் கடித்துவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்தாள்.

"யாரு சொன்னா வாயத் திறக்கலன்னு? தெனமும் கடைசியில ஆமென் சொல்லிட்டுத்தாம்மா போவேன். மைக் ஆஃப்ல இருந்துச்சு."