சின்னப் பிள்ளைகளுக்குச் செய்யும் ஆபரேஷன்

எனக்கு டான்சில் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது சிரிக்காதவர்கள் யாருமில்லை. "இந்த வயசுலயா?" என்றார்கள். "அது சின்னப் பிள்ளைங்களுக்குப் பண்றதாச்சே!" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உள்நாக்கைத்தான் வெட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அப்புறம் பேச்சு வருமா என்று என் கணவரிடம் அக்கறையாக விசாரித்தார். "வரலேன்னா நிம்மதிதான் சார்" என்றார் இவர். இருவரும் வாசல் கேட் அருகே நின்று சிரித்தார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் கேட்டது.

நாற்பதைத் தாண்டியவள் நான். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். சில வருடங்களாக, மழை வந்தாலும் வெயில் வந்தாலும் என் தொண்டை வீங்கிக்கொள்ளும். காய்ச்சல் வரும், மாத்திரை சாப்பிடுவேன், கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், மறுபடி வீங்கும். கடைசியில் காது மூக்கு தொண்டை டாக்டர், "இப்படி மருந்து குடுத்துட்டே இருக்க முடியாதும்மா, எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. பெரியவங்களுக்கு வலி ரொம்ப ஜாஸ்தியா இருக்கும். ஆறவும் நாளாகும்" என்றார். இந்த விஷயத்தில் வலி என்ற சொல்லைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். என் கணவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அறையை விட்டு வெளியே வந்ததும் அது அவருக்கு மறந்துபோய்விட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே பொழிச்சலூரில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதலில் வலி தாங்கும்படிதான் இருந்தது. வீட்டில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். கணவர் லீவு போட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன் எனக்குக் கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டுப் போனாள். கோவிலம்பாக்கத்திலிருந்து என் கணவரின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினார். கையில் பெரிய டப்பா ஐஸ்க்ரீம். "உனக்கென்ன, ஜாலி! டெய்லி ஐஸ்க்ரீம்தான்!" என்றார்.

யாரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வலி போகப்போகக் குறைவதில்லை, கூடும். மற்றவர்களின் பொறுமை தீரும் சமயம் பார்த்து அது உச்சத்துக்கு ஏறும். தொண்டைக்குள் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வாய் நாறியது, எனக்கே என் மூச்சு பிடிக்கவில்லை. எச்சில் விழுங்க வேண்டுமென்றால் முதலில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். விழுங்கியதும் வலி தொண்டையில் நிற்காது, காதுக்குள் போய்க் குத்தும். கொட்டாவி வந்தால் கண்ணீர் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். இத்தனை வருடம் காதில் விழாத அந்தச் சத்தம் அப்போது ஒவ்வொரு தடவையும் காதுக்குள் இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் கணவர் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். "இன்னுமா வலிக்குது? ஒரு வாரம் ஆச்சேம்மா" என்றார் நாத்தனார். டாக்டர் காரம் வேண்டாம், புளிப்பு வேண்டாம் என்று சொன்னதை நாத்தனார் வைத்தியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் டம்ளரில் மிளகு ரசம் கொண்டுவந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். "தொண்டைக்கு இதவிட நல்லது வேற எது? எங்கம்மா எங்களுக்கெல்லாம் இதுதான் குடுப்பாங்க. குடி, கண்ண மூடிட்டுக் குடி" என்று நிற்கிறார். கெட்ட எண்ணமில்லை. எனக்குத் தெரியும். கெட்ட எண்ணமில்லாதவர்களிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வாய் குடித்தேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை தண்ணீர்கூட இறங்கவில்லை. டம்ளரை எடுக்க வந்தவர், "பாதி வீணாப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சு! உட்கார்ந்து ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். நான் பேசக்கூடாது என்று கணவர் சொன்னதும், "ஓ, ஆமால்ல" என்றுவிட்டு மறுபடி என்னையே பார்த்துக் கேட்டார்கள். ஜெபம் நீண்டது. முடிந்ததும் சபை அக்கா ஒருவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பிரதருக்குத்தான் இப்ப வீட்ல ஒரே சமாதானமா இருக்கும், இல்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஸ்தோத்திரம்" என்று மேலே கையைத் தூக்கிக் காட்டினார் என் கணவர். இன்னும் பெரிய சிரிப்பு. இத்தனை வருடம் இந்த வீட்டில் நான் பேசியதெல்லாம் இவருக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்ததா?

இதெல்லாம்கூட மறந்திருக்கலாம். மறக்கமுடியாதது மறுநாள் நடந்தது.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் தோழி, வேலை முடிந்ததும் இளநீர் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து பள்ளிக் கதையெல்லாம் சொன்னாள். பிறகு, "நீ எடுத்த முடிவு நல்ல முடிவுதான்டி. ஆறாவது ஏழாவதுன்னா தொண்டைக்கு அவ்வளவு ஸ்ட்ரெயின் இருக்காது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன முடிவு என்று கையால் கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "உனக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர்தான் ஹெச்.எம்.கிட்ட சொன்னாராமே. இனிமே பிளஸ் டூ வேண்டாம், கீழ் கிளாஸே போதும்னு. புதுசா வந்த சாருக்கு உன்னோட ரெண்டு செக்‌ஷனையும் குடுத்துட்டாங்க."

எத்தனை வருட உழைப்பு என்று கணக்குச் சொல்ல விரும்பவில்லை. ஆய்வகத்தில் எந்த அலமாரிக் கதவு இறுக்கிக்கொள்ளும் என்பதுகூட எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை வகுப்பு வைத்திருக்கிறேன். பாஸாகமாட்டார்கள் என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சமன்பாடு எழுத வைத்திருக்கிறேன். அந்த வகுப்பை, நான் பேசமுடியாமல் கட்டிலில் கிடந்த நேரத்தில், ஒரு போன் காலில் ஒருவர் கேட்க இன்னொருவர் கொடுத்துவிட்டார்.

கணவர் வந்ததும் போனில் டைப் செய்து நீட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தார். "ஸ்கூல்லேர்ந்து அவங்களே கூப்பிட்டாங்க. எப்ப வருவாங்கன்னு கேட்டாங்க. நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்? அப்புறம் பேசலாம், இரு" என்று குளிக்கப் போனார்.

அப்புறம் பேசலாமாம். வாயைத் திறக்க முடியாதவளிடம்!

அவர் குளித்து, காபி குடித்து, டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் மறுபடி டைப் செய்து நீட்டினேன். கண்ணாடி எங்கே என்று தேடினார். என் மகளுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, இங்க குடு. இதுல டைப் பண்ணினா அதுவே வாய்விட்டுப் படிக்கும்" என்று போனை வாங்கி ஏதோ மாற்றினாள். நான் எழுதியிருந்ததைப் போன் படித்தது: "என் வகுப்பை யாரைக் கேட்டு விட்டுக்கொடுத்தீர்கள்." தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் வருவதை அறிவிப்பார்களே, அதே குரல். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, பதறாமல், பணிவாக.

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எவ்ளோ மரியாதையா கேக்குது பாரு தம்பி!" தம்பியும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க!" என்று கத்தினேன்.

அது என் குரலாகவே இல்லை. யாரோ கிழிந்த துணியை உதறியதுபோல் இருந்தது. இருந்தாலும் கத்தினேன். "அது என் வேலை. என்னைக் கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா?" ஒவ்வொரு சொல்லுக்கும் காதுக்குள் ஊசி ஏறியது. நிறுத்தவில்லை. டிவியை மகள் அணைத்தாள். கணவர் எழுந்து நின்று, "ஸ்ட்ரெயின் பண்ணாத, ஸ்ட்ரெயின் பண்ணாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, நாத்தனார் குக்கரை ஏற்றிக்கொண்டிருந்தபோது, என் வாயில் இரும்புச் சுவை வந்தது. வாஷ்பேசினில் துப்பினேன். ரத்தம். எச்சிலோடு கலந்த கீற்று இல்லை, பளிச்சென்ற சிவப்பு. துப்பத்துப்ப ஊறியது.

வீட்டில் யாருக்கும் கைகால் ஓடவில்லை. மகள்தான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ கூட்டிவந்தாள். நான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இவ்ளோ ரத்தம் வந்துகினு கீது! பல்லாவரம் பக்கம் போனா டிராபிக்ல மாட்டிக்குவோம். நாகல்கேணி வழியா வுடறேன், அக்காவ கெட்டியா புட்ச்சிக்கோ" என்றார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வரும்வரை கணவர் என் தோளைப் பிடித்திருந்தார். டிரைவரிடம் "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயந்துவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் இரக்கம் வரவில்லை. ரத்தம் ஒழுகும்போதும் கோபம் இருக்கமுடியும் என்று நான் நினைத்ததில்லை.

பனிக்கட்டித் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டியாய் உறைந்ததை எடுத்து மருந்து வைத்தார்கள். நின்றுவிட்டது. ஆபரேஷன் செய்த அதே டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"கத்திட்டா டாக்டர். அதான் புண்ணு பிரிஞ்சுடுச்சு" என்றார் என் கணவர்.

"கத்தினதாலன்னு சொல்ல முடியாது சார். புண்ணு மேல இருக்கிற பொருக்கு உதிர்ற நேரம் இது. சில பேருக்கு இப்படி ஆகும், முன்னாடியே சொல்லியிருந்தேனே" என்றார் டாக்டர்.

நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் போனதும் இவர் வெளியே நின்று நாத்தனாருக்குப் போன் செய்தார். "இப்ப பரவால்ல. கத்துனதுல தையல் மாதிரி ஏதோ விட்டுப்போச்சாம்." தையலே போடவில்லை. இன்றைக்கும் எங்கள் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான் கோபத்தில் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்ட கதையைத்தான் சொல்வார்கள். வகுப்பு போன கதை ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு வலி உண்மையாகவே குறைய ஆரம்பித்தது. ஒரு காலை தூங்கி எழுந்து, யோசிக்காமல் எச்சில் விழுங்கினேன். வலிக்கவில்லை. நாத்தனார் தன் வீட்டுக்குக் கிளம்பும்போது என் நெற்றியில் கைவைத்து ஜெபம் செய்தார். ஃப்ரீசரில் இருந்த மீதி ஐஸ்க்ரீமை அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

லீவு முடியக் காத்திருக்கவில்லை. குரல் ஓரளவு வந்ததும் பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். "ஏன் மேடம் வந்தீங்க? ரெஸ்ட் எடுக்கலாமே. சார் சொன்னாரே..."

"சார் இந்த ஸ்கூல்ல வேலை பார்க்கலை மேடம்" என்றேன். கரகரப்பாகத்தான் வந்தது. "நான்தான் பார்க்கிறேன். எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தா நானே பதில் சொல்லியிருப்பேன். எனக்கு தொண்டைலதான் ஆபரேஷன். விரல்ல இல்ல."

அவர் தடுமாறினார். சங்கடப்பட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டாராம். எல்லோருக்கும் நல்லெண்ணம்தான்! கடைசியில் ஒரு செக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்தார். இன்னொன்றில் புது ஆசிரியர் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார், பாதியில் மாற்றினால் பிள்ளைகளுக்குக் குழப்பம் என்றார். அது உண்மைதான். அதனால் அதற்கு மேல் சண்டை போடவில்லை. ஆனால் அந்த வகுப்பறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இன்றும் எனக்கு எரிகிறது.

அன்று இரவு சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ அப்படிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு பயமா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்" என்றார். பயந்தது பொய்யில்லை. ஆட்டோவில் நான் பார்த்தேனே. ஆனால் பயந்தவர் என்னிடம் அல்லவா வந்திருக்க வேண்டும்? இதைக் கேட்டேன். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் பள்ளி அலுவலகத்தில், அவசரத்துக்குக் கூப்பிட என்று என் பெயருக்கு எதிரே இருந்த அவருடைய எண்ணை எடுத்துவிட்டு என் தோழியின் எண்ணைப் போடச் சொன்னேன். எப்படியோ அது அவர் காதுக்குப் போய்விட்டது. வருத்தப்பட்டார். படட்டும் என்று விட்டுவிட்டேன்.