காசு கட்டியவரும் கப்பலில் போனவரும்

1. கப்பலுக்கு ஒரு போன்

வெள்ளிக்கிழமை காலை ரிக்கற் கடையைத் திறந்து கோட்டைக் கழற்றுவதற்குள் ரெலிபோன் அடித்தது. ரமணன் பேசினார். கரீபியன் கடலில் போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்கு லண்டனிலிருந்து எப்படிப் போன் எடுப்பது என்று கேட்டார். என்ன விஷயம் என்றேன். பெரியம்மா முதல்நாள் இரவு ஆஸ்பத்திரியில் மோசம் போய்விட்டா என்றார்.

ரமணனின் தாய் மனோன்மணி அன்ரியும் தகப்பன் குலசிங்கம் அங்கிளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். ரிக்கற் போட்டுக் கொடுத்தது நான். செத்துப்போனது அன்ரியின் ஒரே அக்கா பாக்கியம். தாயில்லாத வீட்டில் அன்ரியைத் தூக்கி வளர்த்தவ. லண்டனிலேயே செவன் கிங்ஸில் மகளோடு இருந்தவ. பயணத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தா.

சர்வதேச ஒப்பரேட்டரிடம் என்ன சொல்ல வேண்டும், கப்பலின் பெயர் என்ன, கபின் நம்பர் என்ன என்று எல்லாவற்றையும் ரமணனுக்குச் சொன்னேன். போனை வைத்த கையோடு கொம்பியூட்டர் ஸ்கிரீனைத் திருப்பிப் பிளைற் பார்க்கத் தொடங்கினேன். கப்பல் திங்கட்கிழமை பார்படோஸ் துறைமுகத்துக்கு வரும். அன்று பின்னேரம் அங்கிருந்து லண்டன் கட்விக்குக்கு நேரே ஒரு பிளைற் இருந்தது. இரண்டு சீற்றை என் பொறுப்பில் பிடித்து வைத்தேன். பிள்ளை தாயைக் கூப்பிடத்தான் கப்பலுக்குப் போன் எடுக்கிறான் என்று நான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது?

2. எங்கள் கடையின் முதல் குரூஸ்

இந்தப் பயணம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டன் நோர்பரியில் இருந்த எங்கள் கடையில் கொழும்பு, சென்னை, ரொறன்ரோ என்று மூன்று ஊருக்குத்தான் ரிக்கற் விற்றோம். செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும் போகிற சனம். சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்று எங்கள் ஆட்கள் வந்து நின்றால் முதலாளிக்கே சந்தேகம் வரும்.

ரமணன் பாங்கில் நல்ல வேலையில் இருந்தார். தாய் தகப்பனின் முப்பதாவது கலியாண நாளுக்குக் குரூஸ் என்ற கப்பல் சுற்றுலா வாங்கிக் கொடுக்கப்போகிறேன் என்று வந்தபோது முதலாளி கதிரையை விட்டு எழும்பித் தேத்தண்ணி போட்டார். அந்தக் கடையில் அவர் தேத்தண்ணி போட்டு நான் கண்டது அந்த ஒரு நாள்தான்.

அன்ரிக்குப் போக விருப்பமில்லை. ரிக்கற் எடுக்க வந்தபோது என் மேசைக்கு முன்னால் இருந்து, அக்கா படுத்திருக்கிறா, நான் கப்பலில் போய்க் கூத்தடிக்கிறதோ என்று கேட்டா. டொக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார் என்று ரமணன் சொன்னார். அங்கிள் கப்பலின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, கப்டனின் விருந்துக்கு என்ன உடுப்புப் போடவேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் அன்ரி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டா. அக்காவுக்கு ஏதும் என்றால் உடனே தனக்கு அறிவிக்க வேண்டும். மகனைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கமும் திரும்பினா.

"பிள்ளை, நீரும் கேட்டுக்கொள்ளும். நடுக்கடலிலை நிண்டாலும் எனக்குச் சொல்லவேணும்."

"ஓம் அன்ரி," என்றேன். என் மேசையில் வைத்துச் சொன்ன சொல் அது.

3. சொல்லாதேங்கோ

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரமணன் திரும்பவும் போன் எடுத்தார். கப்பலோடு பேசியாயிற்று. அன்ரி மேல் தட்டில் விடியலைப் பார்க்கப் போயிருந்ததால் அங்கிள்தான் கபினில் எடுத்தாராம். பார்படோஸிலிருந்து இரண்டு சீற் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நான் தொடங்கினேன். அவர் மறித்தார்.

"இல்லை அக்கா. மம்மிக்கு ஒண்டும் சொல்லவேண்டாம். டடியோடை கதைச்சிட்டன். டடி பாத்துக்கொள்ளுவார். பயணத்தை முடிச்சுக்கொண்டு வரட்டும், ஆறுதலாச் சொல்லுவம்."

செத்தவீடு எப்போது என்று கேட்டேன். புதன்கிழமைக்கு எரிக்க நேரம் கிடைத்திருக்கிறது என்றார். அன்ரி லண்டன் வந்து இறங்குவது அதற்கு அடுத்த கிழமை.

இது எங்கள் ஆட்களின் ஒரு பழக்கம். பயணத்தில் இருப்பவருக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்வதில்லை, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சொல்வதில்லை. எல்லோரும் கூடி ஒரு ஆளைச் சுற்றி நின்று பொய் சொல்வார்கள். அதற்கு அன்பு என்று பெயரும் வைப்பார்கள். தாய்க்குப் பிரஷர் இருக்கிறது, கடலுக்கு நடுவில் ஏதும் நடந்தால் என்ன செய்வது என்று ரமணன் கேட்டார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நடுக்கடலில் சொல்லி அவவால் என்ன செய்ய ஏலும்? ஆனால் திங்கட்கிழமை கப்பல் கரைக்கு வரும். கரையில் எயார்போர்ட் இருக்கிறது. இதைச் சொன்னேன். ரமணன் போனை முதலாளியிடம் கொடுக்கச் சொன்னார்.

முதலாளி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார். அந்த இரண்டு சீற்றையும் விடச் சொன்னார்.

"அவ எனக்கு முன்னாலை சொல்லிப்போட்டுப் போனவ, அண்ணை," என்றேன்.

"காசு கட்டினது ஆர்? மகன். காசு கட்டினவன்தான் கஸ்டமர். குடும்ப விஷயத்துக்குள்ளை நீர் ஏன் மூக்கை நுழைக்கிறீர்?"

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. ஆனால் சீற்றை விடவில்லை. விட்டேனா என்று அவர் பார்க்கவும் இல்லை. ஸ்கிரீனை வாசிக்க அவருக்குத் தெரியாது.

4. பார்படோஸ்

திங்கட்கிழமை மத்தியானம் போன் அடித்தது. முதலாளி எனக்கு எதிரே இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தூரத்துப் போன் கோலின் இரைச்சல் கேட்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மனோன்மணி அன்ரி துறைமுகத்திலிருந்து பேசினா. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். முதலில் சந்தோஷமாகத்தான் பேசினா. கடல் சரியான நீலமாம். கப்பலில் எந்த நேரமும் சாப்பாடாம், உறைப்புத்தான் இல்லையாம், தான் கொண்டுபோன ஊறுகாய்ப் போத்தல் பாதி முடிந்துவிட்டதாம். பிங்கோவில் அங்கிள் தோற்றுக்கொண்டே இருக்கிறாராம். கப்டனின் விருந்துக்குத் தன் கூறைச்சேலையை உடுத்ததாகவும், வெள்ளைக்காரப் பெண்கள் வந்து வந்து தொட்டுப் பார்த்ததாகவும் சொன்னா. கலியாணத்தன்று அந்தக் கூறையை உடுத்திவிட்டது பாக்கியமக்காதானாம். லண்டன் வந்ததும் படத்தை அக்காவுக்குக் காட்ட வேண்டுமாம்.

பிறகு குரல் மாறியது.

"பிள்ளை, வீட்டுக்கு அடிச்சன், ஒருத்தரும் எடுக்கினமில்லை. செவன் கிங்ஸுக்கு அடிச்சன், ஆரோ தெரியாத ஆள் எடுத்துப்போட்டு வைச்சிட்டுது. பின்னாலை ஆக்களின்ரை சத்தம். இவர் சும்மா யோசிக்காதை எண்டுறார். அக்கா சுகமா இருக்கிறாவோ?"

முதலாளி பழத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. அந்தப் பக்கத்தில் அங்கிள், போனை வை, பஸ் வெளிக்கிடப்போகுது, ரூர் போகவேண்டும் என்று சொல்வதும் கேட்டது. எல்லாம் தெரிந்த மனிதன். மனிசியைக் குகை பார்க்கவும் கடற்கரை பார்க்கவும் பஸ்ஸில் ஏற்றப் பார்க்கிறார். எனக்குக் கோபம் பொங்கியது. அந்தக் கோபம் இல்லாவிட்டால் எனக்குச் சொல்லத் துணிவு வந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அன்ரி, நீங்கள் எங்கை நிக்கிறியள்? இருக்க இடமிருக்கோ? இருங்கோ. பாக்கியமக்கா வியாழக்கிழமை மோசம் போயிட்டா."

முதலாளி எழும்பிப் போனைப் பறிக்க வந்தார். நான் கதிரையோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எரிச்சாச்சோ?" என்று அன்ரி கேட்டா.

"இல்லை. புதன்கிழமை. இண்டைக்குப் பின்னேரம் அங்கையிருந்து கட்விக்குக்குப் பிளைற் இருக்கு. உங்கடை பேரிலை சீற் வைச்சிருக்கிறன்."

எப்படிக் கப்பலிலிருந்து பெட்டியை இறக்குவது, கப்பல் அலுவலகத்தில் என்ன சொல்வது, எயார்போர்ட்டில் எந்தக் கவுண்டருக்குப் போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினா. ஒன்றிலும் பிழை விடவில்லை. பிரஷர்காரியாம், தாங்கமாட்டாவாம். பாக்கியமக்கா வளர்த்த பிள்ளை அது.

5. அதன் பிறகு

முதலாளி கத்தின கத்து வெளியில் பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கும் கேட்டிருக்கும். ரமணன் அன்று பின்னேரமே கடைக்கு வந்துவிட்டார். தாய் அங்கேயே சரிந்து விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். விழவில்லையே என்றேன். நான் ஒரு இரக்கமில்லாத பொம்பிளை என்றார். இருக்கட்டும். தன் அக்காவின் முகத்தை அவ கடைசியாகப் பார்க்கக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் இரக்கம் உள்ளவர்களாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த நாளிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி சொன்னார். நான் என் கோப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை செத்தவீட்டுக்கு நானும் போனேன். கூட்டமான மண்டபத்தின் பின்வரிசையில் நின்றேன். மனோன்மணி அன்ரி வெள்ளைச் சேலையில் முன்னுக்கு நின்றா. அங்கிளும் கூடவே வந்திருந்தார். எல்லாப் பெண்களும் வாய்க்கரிசி போட்ட பிறகு அன்ரி போனா. அரிசியைப் போட்டுவிட்டு அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றா. ஒருவரும் அவவை இழுக்கவில்லை. சரிந்து விழவும் இல்லை.

எனக்கு ஹவுன்ஸ்லோவில் வேறு ஒரு கடையில் வேலை கிடைத்தது. ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தேன்.

6. படம்

சில மாதம் கழித்து அன்ரி நோர்பரியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி ஹவுன்ஸ்லோ கடைக்கு வந்தா. தனியாகத்தான் வந்தா. என் மேசைக்கு முன்னால் இருந்து கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து வைத்தா. கப்டனின் விருந்தன்று கப்பல் படப்பிடிப்பாளர் எடுத்தது. சிவப்புக் கூறைச்சேலையில் அன்ரி வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நிற்கிறா. பக்கத்தில் அங்கிள் கழுத்தில் போ ரை கட்டிக்கொண்டு அதே அளவு சிரிக்கிறார்.

"ரமணன் கப்பலுக்குப் போன் எடுத்தது எந்த நாள், பிள்ளை? இவர் ஞாயிற்றுக்கிழமை எண்டுறார்."

விருந்து எந்த நாள் என்று நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை இரவு என்றா.

எனக்கு விளங்கிவிட்டது. அவவுக்கு இன்னொரு முறை கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிறு என்றே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததுமே எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் சேரப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை, அன்ரி. விருந்துக்கு முன்னம்."

அவ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. அக்கா செத்த துடக்குத் தீட்டோடு தான் பட்டுடுத்தி நின்றதையும், தெரிந்துகொண்டே பக்கத்தில் ஒரு ஆள் சிரித்ததையும் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தா.

"அக்காவின்ரை சாம்பல் இன்னும் என்னட்டைத்தான் இருக்கு. ராமேஸ்வரத்திலை கரைக்கவேணும். சென்னைக்கு ஒரு ரிக்கற் போடும்."

"அங்கிளுக்கும் சேர்த்தோ?"

"ஒண்டு."

பழைய பழக்கத்தில், பில்லை ரமணனுக்கு அனுப்பவோ என்று கேட்டுவிட்டேன்.

"நான்தானே போறன். நானே கட்டுறன்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரிக்கற்றில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர்தான் உங்கள் கஸ்டமர். அவருக்கு வரும் சாவுச் செய்தியும் அவருடையதுதான். அன்று நான் அந்தப் பெயரை எழுத்துக்கெழுத்து பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்தேன். அன்ரி எழும்பிப் போகும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. இன்றைக்கும் ஆறவில்லை.