லீவு போட்டேன், வீடு போச்சு

டில்லி மயூர் விஹாரில் வீடு வீடாகப் போய்ச் சமைப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: லீவு வேண்டுமானால் பதில் ஆளை நாமேதான் அனுப்பவேண்டும். அந்த ஆள் நம்மைவிட நன்றாகச் சமைத்துவிட்டால் லீவு நிரந்தரமாகிவிடும். அடுப்படியில் வேகும் அக்கா தங்கைகளே, இது உங்களுக்குத் தெரியாததா?

குக்கர்

மூன்று வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சம்பளம் பேங்க்கில் வேலை பார்க்கும் மீனா மேடம் வீட்டில். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் பாதி ஹிந்தி கலக்கும். ஒருநாள் அங்கே பருப்பை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன், நெஞ்சை அடைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேடம்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஹார்ட் அட்டாக், இரண்டு மாதம் வேலையே கூடாது என்றார் டாக்டர். குக்கரை அணைத்தீர்களா என்று மேடத்திடம் கேட்டேன்.

"கேஸ் பந்த் பண்ணிட்டேன் ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. நாளைக்கு யாரை அனுப்புவீங்க?"

பார்த்துப் பொறுக்கிய ஆள்

மூன்று வீடும் கைவிட்டுப் போனால் எனக்குச் சோறு கிடையாது. அதனால் நன்றாக யோசித்துப் பக்கத்து வீட்டுச் செல்வியை அனுப்பினேன். தங்கமான பெண், சமையல்தான் வராது. அவள் வைக்கும் ரசத்தை அவள் புருஷனே தொடமாட்டான். எண்ணி ஒரே வாரத்தில் மேடம் போன் செய்தார். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"சாம்பார் பானி மாதிரி இருக்கு ஆன்ட்டி, ஜல்தி வாங்க!"

சும்மா இருந்திருக்கலாம்

மறுநாள் செல்வியே கூப்பிட்டாள். வத்தக்குழம்பு கசக்கிறதாம். கசக்கட்டும் என்று விட்டிருக்கவேண்டும். ஆனால் என் பெயரைச் சொல்லிப் போனவள் குழம்பைக் கெடுத்தால் மனசு பொறுக்குமா? "அடியே, வெந்தயத்தைக் கருக விட்டியா?" என்று ஆரம்பித்தவள்தான். படுத்தபடியே தினமும் போனில் தாளிப்புவரை சொல்லிக்கொடுத்தேன்.

"அக்கா, இன்னிக்கு மேடம் ரெண்டாவது வாட்டி குழம்பு கேட்டு ஊத்திக்கிட்டாங்க!"

திரும்பிப் போன நாள்

இரண்டு மாதம் கழித்துப் படியேறினேன். நான் வெயிட் தூக்கக்கூடாது, ரெஸ்ட் எடுக்கவேண்டும் என்றார் மேடம். செல்வி கையிலும் என் டேஸ்ட்டே வருகிறதாம், இனி அவளே போதுமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வி என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மத்த ரெண்டு வீட்டயும் நீயே பாத்துக்க அக்கா, இங்க மட்டும் நான் இருந்துக்கறேன். சந்தேகம் வந்தா போன் பண்ணலாமில்ல?"

நெஞ்சுக்கு மாத்திரை எழுதிய டாக்டர் வாய்க்கும் ஒரு பூட்டு எழுதியிருந்தால், அந்த வீடும் எனக்கே இருந்திருக்கும்.