'அகெய்ன்?' என்றால் என்ன கருத்து?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். கேற்றடியில் ஒரு குரல்.

"டீச்சர், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குக் கருத்து வேணும்."

சிவபாலன் அண்ணை. அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கையிலேயே இருப்பவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிச் சில வருடங்கள். ஒரே மகள் அபி சிட்னியில் நர்ஸ். வீட்டில் அவரும் தொலைக்காட்சியும் மட்டும்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனைப் பார்த்தேன். அபியிடமிருந்து ஒற்றைச் சொல், ஆங்கிலத்தில். 'அகெய்ன்?'

"திரும்ப... மறுபடியும். அவ்வளவுதான் அண்ணை."

"அது எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா என்ன கருத்து?"

என்ன கேள்வி இது! முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவளையே மடக்கிவிட்டார்.

"நீங்கள் அவளுக்கு என்ன அனுப்பினீங்கள்? அதைச் சொல்லுங்கோ முதல்."

அண்ணை கதிரையின் நுனியில் இருந்தார். நிலத்தைப் பார்த்தார். காதுமடல் இரண்டும் சிவந்தன.

"நான்... கலியாணம் செய்யப்போறன் எண்டு."

குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கணவரின் துருவலை சட்டென்று நின்றது. அந்த மனிதரை நான் கூப்பிட்டால் காது கேட்காது. இது மட்டும் எப்படிக் கேட்டதோ!

பெண் யார் என்று கேட்கிறீர்களா? டவுனில் பார்மசி வைத்திருக்கும் பத்மா. வெருகல் பக்கத்து ஆள், கலியாணமே செய்யாதவர். அண்ணை மாதத்துக்கு ஒருமுறை பிறஷர் குளிசை வாங்கப் போனவர். பிறகு கிழமைக்கு ஒருமுறை. அப்போதாவது எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டாமா... எந்த டொக்டர் கிழமைக்குக் கிழமை அந்தக் குளிசையை எழுதிக் கொடுப்பார்?

மகளுக்கு எழுத வெட்கம். வீட்டுக்குள் இருந்து சொல்லவும் வெட்கம், சுவரில் மனைவியின் படம். அதனால் முதல்நாள் பின்னேரம் கடற்கரைக்குப் போய் நின்று, குரலில் பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். அதற்கு வந்த பதில்தான் இது.

என் கணவர் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வந்து போனை எட்டிப் பார்த்தார்.

"இதில என்ன விளக்கம்? 'இன்னொருக்காவோ?' எண்டு கேட்கிறாள். ஒருக்காப் பட்டது காணாதோ எண்டு."

"நீங்கள் உள்ள போங்கோ!" என்றேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், சிக்கல் அந்தச் சொல்லில்தான். ஊஞ்சலில் இருக்கிற பிள்ளை 'அகெய்ன்!' என்று கத்தினால் அது சந்தோஷம். கரண்ட் போனதும் நாங்கள் 'அகெய்ன்!' என்றால் அது வயிற்றெரிச்சல். எங்கள் தமிழும் லேசுப்பட்டதா? 'மீண்டும்' வானொலி அறிவிப்பாளர் வீட்டுப் பிள்ளை... சட்டை கசங்காமல் வரும். 'இன்னொருக்கா' எங்கள் குசினிச் சொல். 'பழையபடி' என்று ஒருவர் கதையைத் தொடங்கினால் பெரும்பாலும் முறைப்பாடுதான். 'பழையபடி தொடங்கிட்டார்' என்று என் வீட்டில் நானே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். உயர்தரப் பரீட்சை எடுக்கிற பிள்ளைக்கு 'ரிப்பீட்' என்றால் ஒரு வருடக் கண்ணீர்.

இதில் அபி எதைச் சொல்கிறாள்?

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் படிப்பித்தவள் நான். முழு வாக்கியமாக எழுது, முழு வாக்கியமாக எழுது என்று தொண்டை கிழியக் கத்தினேனே... கேட்டாளா?

"உடனே எடுத்துக் கதைச்சிருக்கலாமே அண்ணை?"

"பயமா இருக்கு டீச்சர். கப்பல்ல இருந்து கொள்கலன் இறக்கேக்க இப்பிடிப் பயந்ததில்லை. அவளுக்கு விருப்பமில்லை போல. இரவே பத்மாவுக்குச் சொல்லிப்போட்டன், இந்தக் கதையை விடுவம் எண்டு."

சொல்லும்போது குரல் உடைந்தது. கிண்டலடிக்கத் தயாராக நின்ற என் கணவரே தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டி சத்தம். பத்மா! ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அண்ணை எழும்பி நின்றார், வகுப்பில் பிடிபட்ட மாணவன்மாதிரி.

"வீட்டில தேடினன். இஞ்ச நிக்கிறீங்களோ? ஆரைக் கேட்டு விடுவம் எண்டு சொன்னீங்க?"

"மகள் கோவமா எழுதியிருக்கு..."

"என்னெண்டு?"

அண்ணை போனை நீட்டினார். பத்மா பார்த்தார்.

"மறுகா?" என்றார்.

வெருகல் பக்கத்தில் 'மறுகா' என்றால் 'பிறகு?' என்றும் கருத்து, 'மறுபடி' என்றும் கருத்து. பத்மா மேலே சொல்லச் சொல்கிறாரா, அல்லது அந்தச் சொல்லையே மொழிபெயர்க்கிறாரா... எனக்கு விளங்கவில்லை. அண்ணைக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

"மறுகா ஒண்டுமில்லை. அவ்வளவுதான் எழுதினவள்."

"இந்த ஒரு சொல்லுக்கா என்னை விடுவம் எண்டனீங்க? நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க? அதைப் போடுங்க. என்னைப் பற்றி என்ன சொன்னீங்க எண்டு நானும் கேட்க வேணும்தானே."

நியாயமான கேள்வி. எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நான் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்மாவுக்குத் தன் விஷயம்தான் பெரிது.

அண்ணை மறுத்துப் பார்த்தார். முடியவில்லை. போட்டார்.

ஊஊஊ என்று காற்று. அலை. நாய் ஒன்று குரைத்தது. இடையில் "...அம்மா போன பிறகு..." மறுபடி காற்று. "...குளிசை..." அலை. "...ஒரே வீட்டில..." பிறகு முழுக்கக் காற்று. கடைசியில் மட்டும் தெளிவாக, "சரி மகள், சாப்பிட்டிட்டீங்களோ?"

பத்மாதான் முதலில் சிரிக்கத் தொடங்கினார். ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்த அந்தச் சிரிப்பு!

"ஐயோ... பிள்ளைக்கு ஒண்டுமே கேட்டிருக்காது. இன்னொருக்கா சொல்லுங்க எண்டுதான் கேட்டிருக்கு!"

அண்ணை சிரிக்கவில்லை. முகம் இன்னும் வெளிறியது. ஏன் என்று விளங்குகிறதா? இவ்வளவு நேரமும் சொல்லி முடித்துவிட்டேன் என்றுதானே பயந்தார். இப்போது இன்னும் சொல்லவே இல்லை என்றாகிவிட்டது.

"இன்னொருக்காச் சொல்ல ஏலாது" என்றார்.

"அப்ப நான் போறன்" என்று பத்மா திரும்பினார்.

"நில்லுங்கோ."

மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். போனை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். சீருடையோடு அபி தெரிந்தாள்.

"அப்பா! என்னப்பா அது நேற்று? காத்து மட்டும்தான் கேட்டது. ஏன் டீச்சர் வீட்டில நிக்கிறீங்கள்? ஏதும் வருத்தமோ?"

"வருத்தமில்லை மகள். வீட்டில கதைக்க ஆளில்லை. நாடகத்தில வாற ஆக்களோட நான் கதைக்கிறன், அவையள் மறுமொழி சொல்லீனமில்லை. பத்மா எண்டு ஒராள்... நாங்கள் ரெண்டு பேரும் கலியாணத்தைப் பதிவு செய்வம் எண்டு இருக்கிறம்."

திரை உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, கண்ணிமை அசைந்தது.

"அம்மாவின்ர படம்?" என்று கேட்டாள். மெதுவாக.

அண்ணை பத்மாவைப் பார்த்தார். பத்மா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போனுக்கு முன்னால் வந்தார்.

"அது அங்கதான் இருக்கும் மகள். அந்த இடத்தில வேற ஒண்டும் வராது. நான் சொல்லுறன்."

அபி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

லைனில்தான் பிழை என்று நினைத்தார் அண்ணை. கிரேனில் இருந்து கீழே நிற்கிறவனுக்குச் சொல்கிற குரலை எடுத்தார்.

"நான் பத்மாவைக் கலியாணம் செய்யப்போறன்!"

"கேட்டதப்பா... முதலே கேட்டது. நீங்கள் இப்பிடி உற்சாகமாக் கதைச்சு எவ்வளவு காலம்? அதுதான் இன்னொருக்காக் கேட்க ஆசையா இருந்தது."

அழுதுகொண்டே சிரித்தாள். அண்ணை சிரித்துக்கொண்டே அழுதார். எங்கள் வீட்டுத் தேங்காய் துருவுகிறவரும் ஏதோ தூசி என்று கண்ணைத் துடைத்தார். தேங்காய்ப்பூக் கையால் துடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

'அகெய்ன்' என்ற சொல்லுக்கு இந்தக் கருத்தை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த தவணை வகுப்பில் படிப்பிக்கலாம்தான். பரீட்சையில் வராது.

போன கிழமை பதிவு முடிந்தது. அபி திரையில் நின்று பார்த்தாள். கலியாணத்துக்கு எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் தனியாக அழைப்புச் சொல்லவில்லை. அண்ணை இரண்டாவது தரம் சொன்னபோதே எல்லாருக்கும் கேட்டுவிட்டது!