வியாழக்கிழமைக் கடம்

என் கணவர் கடம் வித்வான். இருபது வருடமாக மயிலாப்பூரில் குடித்தனம். எதையும் கேட்டால்கூடச் சொல்லாத மனிதர், ஒரு நாள் கேட்காமலே சொன்னார்: "திருவான்மியூர்ல ஒரு புது ஸ்டூடண்ட். வியாழக்கிழமை சாயங்காலம் கிளாஸ்." அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

மூன்றாவது வாரம் கறுப்புச் சட்டை ஒன்று வாங்கி வந்தார். கடம் வகுப்புக்குக் கறுப்புச் சட்டை எதற்கு? போனைக் கவிழ்த்து வைக்கவும் ஆரம்பித்தார். அவர் குளிக்கும்போது அது அதிர்ந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? ஒரு பெண்ணிடமிருந்து செய்தி: 'ஏழு மணி ஷார்ப். கறுப்புச் சட்டை மறக்காதீங்க.' என் வீட்டு பீரோவில் இருக்கும் சட்டை அவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் ஸ்கூட்டரில் கிளம்பியதும் ஓர் ஆட்டோவில் ஏறினேன்.

"முன்னால போற ஸ்கூட்டரை விட்டுடாதீங்கோ."

"இன்னாக்கா, வூட்டுக்காரரா?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்து.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

திருவான்மியூர் வரை போகவே இல்லை. அடையாறிலேயே ஒரு சந்தில் திரும்பி, ஒரு காபி கடையின் மாடிக்கு ஏறினார். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நானும் ஏறினேன்.

மேலே சின்ன கிளப். நாற்பது நாற்காலி இருக்கும், எல்லாம் நிறைந்திருந்தது. மேடையில் கீபோர்டு, பேஸ் கிடார், டிரம்ஸ். நடுவில் கறுப்புச் சட்டையில் என் கணவர், மடியில் கடம். பக்கத்தில் முப்பது வயதுப் பெண் சாக்ஸபோன் வாசித்தாள். ஜாஸ் ஃப்யூஷன் என்று போர்டில் எழுதியிருந்தது. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

பாட்டு யாருக்கு வேண்டும்? அவர்கள் கண்களைத்தான் கவனித்தேன். அவள் புருவத்தைத் தூக்கினாள், இவர் சிரித்தார். கல்யாணமான புதிதில் நான் பார்த்த சிரிப்பு. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அடுத்த முறை அதே புருவத்தை டிரம்ஸ்காரனுக்கும் தூக்கினாள், உடனே எல்லோருடைய வாசிப்பும் ஒரே தட்டில் வந்து நின்றது. சைகை, அவ்வளவுதான். அப்படியானால் இவர் ஏன் பொய் சொன்னார்? சந்தேகம் இன்னும் கனத்தது.

அப்போது மற்றவர்கள் வாத்தியத்தை நிறுத்தினார்கள். கடம் மட்டும் தனியாகக் கிளம்பியது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

யோசித்துச் செய்ததில்லை. சபாவில் பாட்டு நின்று, தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிக் கூட்டம் கேன்டீனுக்குப் போகும். இருபது வருடமாக நானும் போயிருக்கிறேன். வீட்டில் தினமும் கேட்பதுதானே என்று காபிக்கு வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

இங்கே ஒருவரும் அசையவில்லை. தட்டோடு வந்த சர்வர்கூட அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மொத்த அறையிலும் எழுந்து நின்ற ரசிகை நான் ஒருத்திதான். அவர் என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை. அவமானத்தில் காது சுட, உட்கார்ந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன்னா, எங்கிட்ட ஏன் மறைச்சேள்?"

கடத்தைப் பையில் வைத்து, நிதானமாக ஜிப்பை இழுத்தார். குரலில் கோபமே இல்லை.

"இங்க யாரும் எழுந்து போறதில்லை," என்றார். "சொல்லியிருந்தா நீயும் வந்திருப்பே."