ஆட்டின் மூன்றாவது வயிறு

நேற்று மருமகள் ஆட்டுக்குடல் வாங்கி வந்தாள். பிளாஸ்டிக் பையில், வெள்ளைவெளேரென்று, மருந்துக்குக்கூட நாற்றமில்லை. கழுவவே வேண்டாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடலைச் சரியாகக் கழுவாவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவர் அரூரில் இருந்தார்.

அங்கேதான் என் தகப்பனாருக்குக் கறிக்கடை. ஞாயிற்றுக்கிழமை அத்தா ஆடு உரித்தால் குடல் என் கைக்கு வந்துவிடும். ஆட்டின் வயிற்றில் நான்கு அறை, தெரியுமில்லையா? முதல் பையில் சரியாக மெல்லாத புல் கிடக்கும். ஆடு படுத்து அசைபோடும்போது வாய்க்குத் திரும்பி வருவது அதுதான். இரண்டாவது தேனடை மாதிரி. மூன்றாவது உள்ளே ஏடு ஏடாக இருந்து புல்லின் தண்ணீரைப் பிழிந்தெடுக்கும். நான்காவதில்தான் நம் வயிறு போலச் செரிமானம். கழுவுகிறவளின் உயிரை வாங்குவது மூன்றாவது. ஒவ்வொரு ஏடாக விரித்து அலசாவிட்டால் புல்லும் மண்ணும் அப்படியே ஒட்டியிருக்கும். என் கைச் சுத்தத்துக்கு யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை.

இதே வயிற்றை எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் சயின்ஸ் வாத்தியார் போர்டில் வரைந்தார். முன் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏ கறிக்கடை, நாத்தம் கொடலப் புடுங்குது. கடைசி பெஞ்சுக்குப் போ."

வகுப்பே சிரித்தது. எனக்கோ கிட்டப்பார்வை, கடைசியிலிருந்து பார்த்தால் போர்டில் ஒரு எழுத்தும் தெரியாது. பரீட்சையில் தவறினால் நிக்காஹ்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதையும் சொல்லிக் கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அவர் ஞாயிறு தவறாமல் மஞ்சள் பையோடு எங்கள் கொல்லைப்பக்கம் வருவார். தனியாக அறை எடுத்து ஸ்டவ்வில் சமைத்துச் சாப்பிடுகிறவர். குடல் என்றால் உயிர். நான் நறுக்கிக் கொடுப்பதை அப்படியே சட்டியில் போட்டு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டுவார்.

அந்த ஞாயிறு மூன்றாவது வயிற்றை வெளியே மட்டும் பளபளவென்று சுரண்டினேன். உள்ளே தொடவில்லை. நறுக்கி, மற்ற துண்டுகளுக்கு அடியில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்று நாள் வாத்தியார் வரவில்லை. பேதி என்று பியூன் சொன்னார். அல்லா மன்னிக்கட்டும், எனக்கு அன்றைக்குத்தான் பெருநாள்.

அடுத்த ஞாயிறு கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றார். "என்னம்மா, போன வாரம் சரியா கழுவலயா?"

"அந்த ஏட்டு வயித்த எங்க வூட்ல நான்தாங்க சார் கழுவறேன். கடைசி பெஞ்சுல உக்காந்ததுலேர்ந்து கையே ஓட மாட்டேங்குதுங்க."

அன்றைக்கு அவர் பையை நீட்டவில்லை. திங்கட்கிழமை நான் முன் பெஞ்சில் இருந்தேன். பாஸும் செய்தேன்.

கறிக்கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். பள்ளியின் ஓட்டுக் கட்டடம் போய்விட்டது. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை. வாத்தியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தங்கமான மனுஷர் என்று ஊரே சொன்னது. மன்னித்துவிட்டாயா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இன்னும் ரெண்டு ஆட்டின் மூன்றாவது வயிற்றையும் சேர்த்துப் போட்டிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.